டென்னிஸ் எல்போ பட்டை – மூணு மாசம் கட்டிப் பாத்தப்புறம் எழுதுறேன்

5க்கு 4 குடுக்கலாம். முதல் வாரத்துல எழுதியிருந்தா 1 தான் குடுத்திருப்பேன், அதுக்குக் காரணம் பட்டை இல்ல, நான் கட்டின இடம்.

வலது முழங்கைக்கு வெளிப்பக்கம் வலி, துணி பிழிஞ்சா உயிர் போகும், கதவுப் பிடியத் திருகினாலே சுருக்குன்னு இழுக்கும். டாக்டர் டென்னிஸ் எல்போன்னாங்க, இது வர்றவங்கள்ல முக்காவாசிப் பேர் டென்னிஸே ஆடாதவங்கதானாம். மணிக்கட்டை மேல தூக்குற தசைங்க முன்கை முழுக்க ஓடி மேல்கை எலும்போட வெளிப்பக்க முண்டுல ஒரு சின்ன இடத்துல வந்து ஒட்டுது, எதையாச்சும் இறுக்கிப் பிடிச்சா மணிக்கட்டு மடங்காம நிக்கறதுக்கு அந்தத் தசைங்கதான் இழுக்கணும், அந்த இழுப்பு பூரா அந்தச் சின்ன இடத்துக்குத்தான் போய்ச் சேருது. பிழியும்போது கைல வலிக்காம முழங்கைல ஏன் வலிக்குதுன்னு எனக்கு அப்பதான் புரிஞ்சுது.

நான் வலிக்குற முண்டு மேலயே பட்டையக் கட்டிட்டு இருந்தேன். வலி கூடிடுச்சு, ரிட்டர்ன் போடற முடிவுக்கே வந்துட்டேன். பிசியோ பாத்துட்டு, "கைய இறுக்கி மூடுங்க, முண்டுக்கு ரெண்டு விரல் கீழ சதை புடைக்குது பாருங்க, பட்டைக்கு உள்ள இருக்கற மெத்தை அங்க வரணும்"னு இடத்த மாத்திக் கட்டி விட்டாங்க. அன்னைக்கே வாளியத் தூக்க முடிஞ்சுது. தசைய நடுவுலயே அமுக்கிப் பிடிச்சுக்கறதால முண்டுக்குப் போற இழுப்பு குறையுது, அவ்ளோதான் இதோட வேலை. ரொம்ப இறுக்காதீங்க, விரல் மரத்துப்போனா உடனே தளர்த்துங்க, தூங்கும்போது கழட்டி வச்சிடுங்க.

குறைன்னா வெல்க்ரோ ஓரம் சொரசொரன்னு சட்டைக் கைய இழுக்குது, வேர்த்தா மெத்தைக்கு அடியில அரிக்குது.

உள்பக்க முண்டுல வலின்னா அது கோல்ஃபர் எல்போ, மெத்தைய உள்பக்கச் சதைக்கு வர்ற மாதிரி திருப்பிக் கட்டுவாங்க. ஆனா சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகுதுன்னா தயவுசெஞ்சு இத வாங்காதீங்க, அது பெரும்பாலும் உள்பக்க முண்டுக்குப் பின்னாடி போற நரம்பு அழுந்துறது, எங்கயாவது இடிச்சா கரெண்ட் அடிச்ச மாதிரி இருக்குமே அதே நரம்பு, அதுக்கு மேல போய் பட்டையும் கட்டினா என்ன ஆகுறது, டாக்டரப் பாருங்க.

இன்னொண்ணு, பட்டை மட்டும் கட்டிட்டு உக்காந்துடாதீங்க. எனக்கு உண்மையிலேயே வலி குறைஞ்சது பயிற்சியாலதான். முன்கைய மேசை மேல வச்சு, உள்ளங்கை கீழ பாக்க, அரை லிட்டர் தண்ணி பாட்டிலப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால மணிக்கட்டை மேல தூக்கி விட்டுட்டு மெதுவ்வா இறக்கணும். மாசக்கணக்குல செய்யணும், பொறுமை வேணும். ஸ்டீராய்டு ஊசி போட்டா சட்டுனு கேக்கும், ஆனா வலி திரும்பி வர்றது அதிகம்னு டாக்டரே சொன்னதால நான் போட்டுக்கல.

இப்ப துணி பிழியுற நேரத்துக்கு மட்டும்தான் கட்டுறேன். வெல்க்ரோ பிடிப்பு விட ஆரம்பிச்சிருக்கு, போச்சுன்னா இதே மாதிரிதான் திரும்ப வாங்குவேன், மெத்தை மட்டும் கொஞ்சம் கெட்டியா இருக்கான்னு பாத்து.