கண்ணிவெடியில் என் பணம் இருக்கக் கூடாது: சுவர்ணபுரி முதலீட்டு ஆலோசனை அலுவலகத்தில் மூன்று ஆண்டுகள்

சேலம் சுவர்ணபுரியில் முதல் மாடியில் இயங்கும் இந்த முதலீட்டு ஆலோசனை அலுவலகத்தில் நான் 3 ஆண்டுகளாக வாடிக்கையாளர். கூட்டுறவுத் துறையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவள். பணிக்கொடையில் ஒரு பகுதியைப் பங்குகளிலும் மியூச்சுவல் ஃபண்டுகளிலும் போட்டிருந்தேன். அந்தப் பணம் எந்த வழியிலும் கண்ணிவெடித் தயாரிப்புக்குப் போய்ச் சேரக் கூடாது என்ற ஒரே கோரிக்கையோடுதான் இந்தப் படியேறினேன்.

கோரிக்கைக்குக் காரணம், எங்கள் வீட்டுக்குத் தைத்துத் தரும் தம்பி. இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் குடியிருப்பவர். தையல் இயந்திரத்தை அவர் இடது காலால் மட்டுமே மிதிப்பார். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. நாம் கண்ணிவெடி என்பதை அவர் மிதிவெடி என்பார். வன்னியில் விறகு பொறுக்கப் போன இடத்தில் மிதித்தது. ஒரு நாள் ரவிக்கைக்கு அளவு குறித்துக்கொண்டே, "உதைச் செய்யிற கொம்பனியளும் பங்கு விக்கிறவையோ அக்கா?" என்று கேட்டார். அன்று இரவு என் முதலீட்டுப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இதற்குமுன் நான் கேட்ட இரண்டு இடங்களில், லாபம் வருகிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இங்கே ஆலோசகர் என் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையை அச்செடுத்து, ஒன்றரை மணி நேரம் வரி வரியாகப் பார்த்தார். அவர் விளக்கியதிலிருந்து எனக்குப் புரிந்தது இது. 1997ஆம் ஆண்டின் ஒட்டாவா உடன்படிக்கை, மனிதர் மிதித்தால் வெடிக்கும் ஆள்எதிர்ப்புக் கண்ணிவெடியைத் தயாரிப்பதையும் வைத்திருப்பதையும் விற்பதையும் முழுமையாகத் தடை செய்கிறது; இந்தியா அதில் சேரவில்லை, இலங்கை 2017இல் சேர்ந்தது. இந்தியாவில் இவ்வெடிகளை நெடுங்காலம் தயாரித்தவை அரசின் படைக்கலத் தொழிற்சாலைகள். 2021 அக்டோபரில் அவை 7 அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்ட பிறகும் முழுவதும் அரசின் கையிலேயே இருப்பதால், அவற்றின் பங்கு என் பெயரில் இருக்க வழியில்லை. ஆனால் வெடிமருந்து, எரியூட்டி, மின்னணு உதிரிபாகம் ஆகியவற்றைச் செய்யும் தனியார் நிறுவனங்கள் சந்தையில் இருக்கின்றன. பங்குச் சந்தைக் குறியீட்டைப் பின்தொடரும் ஃபண்டு அந்தக் குறியீட்டில் உள்ள எல்லா நிறுவனங்களின் பங்கையும் கேள்வியின்றி வாங்கிவிடும். அப்படி என்னிடம் இருந்த வெளிநாட்டுச் சந்தை ஃபண்டு ஒன்றை விற்கச் சொன்னார், விற்றேன்.

விற்பதோடு முடித்திருந்தால் இது சாதாரண நல்ல சேவை. இங்கு மற்ற இடங்களில் கிடைக்காதது, பங்கை வைத்துக்கொண்டே கேள்வி கேட்கக் கற்றுக் கொடுப்பது. அமெரிக்காவில் 1990களில் நடந்ததை ஆலோசகர் எடுத்துச் சொன்னார். மனித உரிமைகள் கண்காணிப்பகம் 1997இல் கண்ணிவெடி உதிரிபாகங்களோடு தொடர்புடைய 47 அமெரிக்க நிறுவனங்களைக் கண்டறிந்து எழுதிக் கேட்டது. 17 நிறுவனங்கள் இனி அதில் ஈடுபடுவதில்லை என்று உறுதி கொடுத்தன. முதலில் விலகியது மோட்டோரோலா. அலையன்ட் டெக்சிஸ்டம்ஸ் மறுத்துவிட்டது. கன்னியாஸ்திரீகளின் சபைகள் உள்ளிட்ட மத அமைப்புகள் தங்கள் ஓய்வுக்கால நிதியில் வாங்கிய பங்குகளை வைத்துக்கொண்டு, இத்தகைய நிறுவனங்களின் ஆண்டுக் கூட்டங்களில் தீர்மானங்களைக் கொண்டுவந்தன. அப்போது அந்நாட்டில் 1,000 டாலர் மதிப்புள்ள பங்கை ஓராண்டு வைத்திருந்தாலே தீர்மானம் கொடுக்கும் தகுதி உண்டு.

நம் நாட்டில் அது எளிதில்லை. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி உறுப்பினர்கள் தீர்மானம் கொண்டுவர, வாக்குரிமையுள்ள மூலதனத்தில் பத்தில் ஒரு பங்கு அவர்கள் கையில் இருக்க வேண்டும். பாதுகாப்புத் துறைக்குப் பொருள் செய்யும் நிறுவனம் ஒன்றில் என்னிடம் இருப்பது 120 பங்குகள். கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் நூறு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரே வாக்கு என்று 31 ஆண்டுகள் கணக்கெழுதிய எனக்கு, இந்த விதி நெஞ்சில் குத்தியது. எஞ்சியிருப்பது அந்த நிறுவனத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசும் வாய்ப்பு; காணொலி வழியாகக் கூட்டம் நடந்தால், பேச விரும்புவோர் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும்.

நான் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். "அம்மா, உங்களுக்கு மூன்று நிமிடம்தான் கொடுப்பார்கள், தலைவர் தப்பிக்க முடியாத ஒரே கேள்வியாக ஆக்குங்கள்" என்று ஆலோசகர் சொல்ல, அரை நாள் உட்கார்ந்து சுருக்கினோம். நிறுவனமோ அதன் துணை நிறுவனமோ ஆள்எதிர்ப்புக் கண்ணிவெடிக்கான வெடிமருந்தையோ எரியூட்டியையோ வேறு உதிரிபாகத்தையோ செய்கிறதா, செய்வதில்லை என்று எழுத்தில் கொள்கை உண்டா என்பதே மிஞ்சியது. தலைவர் பாதுகாப்புத் துறை ஒப்பந்த விவரங்களை வெளியிட இயலாது என்று கூறி அடுத்தவரை அழைத்துவிட்டார். அலுவலகம் விடவில்லை, அதே கேள்வியை என் பெயரில் நிறுவனச் செயலருக்குக் கடிதமாக அனுப்ப வைத்தது. ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது: "தற்போது அத்தகைய பொருள் எதையும் தயாரிக்கவில்லை." ஆலோசகர் பென்சிலை எடுத்து "தற்போது" என்ற சொல்லின் கீழே கோடு போட்டு, ஒன்றும் பேசாமல் தாளை என் பக்கம் திருப்பினார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இரண்டாம் ஆண்டில் கூட்ட அறிவிப்பை எனக்குத் தெரிவிக்கத் தாமதித்ததால், பேசுவோர் பதிவு முடிந்துவிட்டது. மின்வாக்கு மட்டும்தான், அதுவும் கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை 5 மணிக்குள் அவசரமாகப் போட்டேன். ஓராண்டு காத்திருந்த வாய்ப்பு அது. மன்னிப்புக் கேட்டார்கள் என்றாலும் மனம் ஆறவில்லை. இவர்கள் நிறுவனங்களைச் சலித்தெடுக்கப் பயன்படுத்தும் ஆயத்தப் பட்டியல், முழு ஆயுதம் செய்பவரைப் பிடிக்கிறதே தவிர உதிரிபாகம் செய்பவரை விட்டுவிடுகிறது. காலாண்டு அறிக்கை ஆங்கிலத்தில் மட்டுமே வருகிறது. மின்தூக்கி இல்லை, தையற்காரத் தம்பியை ஒருமுறை அழைத்துச் சென்றபோது அவரால் மாடி ஏற முடியவில்லை. ஆலோசகர் கீழே இறங்கி வந்து, தேநீர்க் கடைப் பலகையில் அவரருகே அமர்ந்து பேசியதை மறக்க மாட்டேன்.

ஆண்டுக் கட்டணம் 9,000 ரூபாய். பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியில் பதிவு பெற்ற ஆலோசகர் என்பதால் ஃபண்டு நிறுவனங்களிடம் கமிஷன் வாங்குவதில்லை. 2022 ஏப்ரல் முதல் மியூச்சுவல் ஃபண்டுகள் தாங்கள் பங்கு வைத்திருக்கும் நிறுவனங்களின் எல்லாத் தீர்மானங்களிலும் கட்டாயம் வாக்களிக்க வேண்டும் என்பதால், என் ஃபண்டுகள் எப்படி வாக்களித்தன என்பதையும் கேட்டால் எடுத்துத் தருகிறார்கள்.

அந்த 120 பங்குகளை நான் விற்கவில்லை. இந்த ஆண்டுக் கூட்டத்துக்கு, அறிவிப்பு வந்த அன்றே அலுவலகம் தொலைபேசியில் அழைத்துச் சொன்னது. பேசுவோர் பதிவும் முடிந்துவிட்டது. கேள்வி இம்முறை இன்னும் சிறியது: கடிதத்திலிருந்து "தற்போது" என்ற சொல்லை நீக்கித் தருவீர்களா?