சமரியா பள்ளத்தாக்கு ‘முழுக்க இறக்கம்தான், சுலபம்’ என்று டிக்கெட் விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள்

கிரேக்க நாட்டின் கிரீட் தீவுக்குப் போயிருக்கும் தோழி நேற்று ஒரு கடைப் பலகையைப் படமெடுத்து அனுப்பி, “சமரியா நடைப்பயணம், எல்லாம் சேர்த்து இந்த விலை. போடலாமா?” என்று கேட்டிருந்தாள். படத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதே துறைமுகச் சந்து, அதே மாதிரிப் பலகை. 2023 செப்டம்பரில் நானும் அக்காவும் பணம் கட்டி மாட்டிக்கொண்டது இப்படி ஒன்றில்தான். அவளுக்குப் போனில் சொன்னதை மற்றவர்களுக்கும் உதவுமே என்று இங்கே எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அந்தத் தீவின் ஹானியா நகரத்தில், பழைய துறைமுகத்தைச் சுற்றி இப்படி டூர் விற்கும் கடைகள் நிறைய. எந்தக் கடைக்குப் போனாலும் இதே கேள்விகளைக் கேட்டுவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

நான் ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன். அக்கா கோவையிலிருந்து என்னைப் பார்க்க வந்திருந்தாள். 51 வயது. தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடப்பவள். படி இறங்கும்போது மட்டும் இடது முட்டி பிடித்துக்கொள்ளும். அதைக் கடைக்காரரிடம் மறைக்காமல் சொன்னோம். அவர் சிரித்துக்கொண்டே, “ஏற்றமே கிடையாது, முழுக்க இறக்கம்தான். நாலு மணி நேரத்தில் கடற்கரை. எங்கள் வழிகாட்டி உங்களோடேயே நடந்து வருவார்” என்றார். ஆளுக்கு 48 யூரோ. எல்லாம் சேர்த்தா என்று கேட்டதற்கு, எல்லாம் சேர்த்துதான் என்றார்.

அவர் சொன்ன ‘இறக்கம்’ எப்படிப்பட்டது என்பதைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். தீவின் மேற்குப் பகுதியில் வெள்ளை மலைகள் என்ற மலைத்தொடர் இருக்கிறது. அதன் நடுவே, ஓமலோஸ் சமவெளியின் விளிம்பில் க்ஸிலோஸ்கலோ என்ற இடத்தில் பாதை தொடங்குகிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,230 மீட்டர். அங்கிருந்து பூங்காவுக்குள் 13 கிலோமீட்டர், வெளியே வந்தபின் இன்னும் 3 கிலோமீட்டர், ஆக 16 கிலோமீட்டர் நடந்தால் அயியா ரூமெலி என்ற கடற்கரை ஊர். முதல் நான்கு கிலோமீட்டருக்குள்ளேயே பாதி உயரத்தை இறங்கிவிடுவோம். கல்லும் மரக்கட்டையும் வைத்த படிகள், ஓரத்தில் மரக் கைப்பிடி, திருப்பத்துக்கு மேல் திருப்பம். மலை ஏறினால் மூச்சு வாங்கும், நின்று ஆற்றிக்கொள்ளலாம். இறங்கும்போது உடம்பின் எடை ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் போய் விழுகிறது. முட்டிவலிக்காரரிடம் ‘இறக்கம்தான், சுலபம்’ என்று சொல்வதைப் போன்ற தவறான ஆலோசனை வேறில்லை. நன்றாக நடப்பவர்களுக்கே ஐந்து முதல் ஏழு மணி நேரம் ஆகும்.

இன்னொன்றும் அவர் சொல்லவில்லை. அயியா ரூமெலிக்குச் சாலையே கிடையாது. கப்பலில்தான் வெளியேற முடியும். அன்று மாலைக் கப்பல் ஐந்தரைக்கு. அதைப் பிடித்து ஸ்ஃபாக்கியா துறைக்குப் போனால்தான் அங்கே நிற்கும் பேருந்தில் ஹானியா திரும்பலாம். காலையில் எத்தனை மணிக்கு நடக்கத் தொடங்குகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

ஆறு மணிக்கு வண்டி வரும் என்றார்கள், ஏழு இருபதுக்கு வந்தது. வழியில் ஹோட்டல் ஹோட்டலாக நின்று ஆள் ஏற்றினார்கள். ஓமலோஸில் ஒரு கடை வாசலில் முக்கால் மணி நேரம் நிறுத்தி, காபி குடியுங்கள், கைத்தடி வாங்குங்கள் என்றார்கள். நுழைவாயிலுக்குப் போனபோது ஒன்பது ஐம்பது. அந்த வாசல் காலை ஏழு மணிக்கே திறந்துவிடுகிறது என்பது பலகையைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அங்கே வழிகாட்டி ஒவ்வொருவரிடமும் நுழைவுச்சீட்டுக்கு 5 யூரோ கேட்டார். “எல்லாம் சேர்த்து என்றார்களே” என்றேன். அது கடையில் பேசிக்கொள்ள வேண்டியது என்றார். கப்பல் டிக்கெட்டும் நாங்களே எடுக்க வேண்டுமாம். சரி, இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், பணத்தைக் கொடுத்துத் தொலைப்போம் என்று கொடுத்தோம். அந்த இடத்திலேயே வேண்டாம் என்று திரும்பியிருக்க வேண்டும்.

முதல் அரை மணி நேரம் வழிகாட்டியின் சிவப்புத் தொப்பி கீழே திருப்பங்களில் தெரிந்துகொண்டிருந்தது. அப்புறம் தெரியவில்லை. கடைசியில் வருபவர்களோடு யாரும் நடக்கவில்லை. கூட்டத்தின் பின்னால் ஒரு ஆள் வந்திருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது.

பள்ளத்தாக்கின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பைன் மரங்களும் சைப்ரஸ் மரங்களும் செங்குத்துப் பாறைகளில் ஒட்டிக்கொண்டு நிற்கும். குழாயிலும் கல்தொட்டியிலும் ஊற்றுத் தண்ணீர், அப்படியே குடிக்கலாம். ஆனால் எங்களுக்குப் பாதையை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. படிகள் முடிந்ததும் ஆற்றுப் படுகை வருகிறது. தேங்காய் அளவுக்கு வழுவழுப்பான வெள்ளைக் கற்கள். மிதித்தால் உருளும். அக்கா ஒரு கல்லில் காலை வைத்து, அது அசைகிறதா என்று பார்த்து, பிறகுதான் அடுத்த காலை எடுப்பாள். ஒவ்வொரு இறக்கத்திலும் பெருவிரல் ஷூவின் முன்பக்கத்தில் போய் இடித்தது. பதினோரு மணிவாக்கில் அவள் படிகளில் பின்பக்கமாகத் திரும்பி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தாள். “என்னடி, இதுதான் சுலபமா?” என்று ஒரே ஒரு முறை கேட்டாள். அதன்பிறகு பேசவே இல்லை.

ஏறக்குறைய பாதி வழியில் சமரியா என்ற கைவிடப்பட்ட கிராமம் வருகிறது. 1962இல் இந்தப் பகுதியைத் தேசியப் பூங்காவாக்கியபோது அங்கிருந்த குடும்பங்களை வெளியேற்றினார்கள். இன்று கல்வீடுகளும் காவலர் நிலையமும் மட்டும். கிரிகிரி என்ற காட்டு ஆடுகள் பெஞ்சுக்கு அடியில் வந்து மோந்து பார்க்கின்றன. அங்கேதான் அக்கா உட்கார்ந்து கால்சட்டையைச் சுருட்டினாள். முட்டி பந்து போல வீங்கியிருந்தது. திரும்பலாம் என்றால் ஏழு கிலோமீட்டர் செங்குத்து ஏற்றம். போகலாம் என்றால் இன்னும் ஒன்பது கிலோமீட்டர் கல். போனில் சிக்னல் இல்லை.

பூங்காக் காவலர் ஒருவர் எங்களைப் பார்த்து வந்தார். முட்டியைச் சுற்றி இறுக்கமாகத் துணிக்கட்டு போட்டுவிட்டு, ஓரமாகக் கட்டியிருந்த கோவேறு கழுதையைக் காட்டினார். நடக்க முடியாதவர்களை அதில்தான் கொண்டுபோவார்களாம். அக்கா மறுத்துவிட்டாள், நடக்கிறேன் என்றாள். காவலர் தன் கைத்தடியைக் கொடுத்து, வெளியே போகும்போது வாசலில் கொடுத்துவிடுங்கள் என்றார். எங்களிடம் ஒரு காசு வாங்காத அந்த மனிதருக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன். நுழைவுச்சீட்டையும் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னார். வெளியேறும் இடத்தில் அதைச் சரிபார்ப்பார்கள். யாரும் உள்ளே விடுபட்டுப் போகக் கூடாது என்பதற்குத்தான்.

போர்த்தெஸ் என்னும் குறுகலான இடம் வந்தபோது மணி நாலரை. இரண்டு பக்கமும் ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்குப் பாறை, நடுவில் நான்கு மீட்டர்கூட இல்லாத இடைவெளி, காலடியில் ஓடையின் மேல் பலகைப் பாலம். இதைப் பார்க்கத்தான் உலகமே வருகிறது. நான் மணியைப் பார்த்துக்கொண்டு அக்காவை அவசரப்படுத்தினேன். அதை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

ஊருக்குள் நுழையும்போது கப்பலின் சங்கு கேட்டது. கரைக்கு வந்தபோது அது வெள்ளையாக, சிறியதாகத் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. வழிகாட்டிக்குப் போன் போட்டேன். “கப்பல் யாருக்காகவும் நிற்காது” என்றார். உண்மைதான். ஆனால் இரண்டு பேர் வரவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தும் ஒரு போன்கூடச் செய்யவில்லையே! ஒரு விடுதியில் அறை எடுத்தோம். அங்கிருந்த அம்மா கேட்காமலேயே ஒரு வாளியில் ஐஸ் கொண்டுவந்து வைத்தார். மறுநாள் கப்பலுக்கும் பேருந்துக்கும் கைக்காசு போட்டு ஹானியா வந்து சேர்ந்தோம். அக்காவின் இரண்டு பெருவிரல் நகங்களும் கறுத்து, ஊருக்குப் போனபின் விழுந்துவிட்டன. முட்டிக்கு மூன்று மாதம் பிசியோதெரபி.

கடைக்குப் போய்க் கேட்டதற்கு ரசீதைத் திருப்பிக் காட்டினார்கள். அடியில் பொடி எழுத்தில் கிரேக்கத்தில் ஒரு வரி. போனில் மொழிபெயர்த்துப் பார்த்தால், நுழைவுக் கட்டணமும் கப்பலும் தனி, நடையின் நேரத்துக்குப் பயணியே பொறுப்பு என்று இருந்தது. மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை.

தோழிக்கு நான் சொன்னது இதுதான். இந்தப் பாதைக்கு வழிகாட்டியே தேவையில்லை. ஒரே பாதை, வழி தவற வாய்ப்பில்லை. ஹானியா பேருந்து நிலையத்திலிருந்து அதிகாலையில் ஓமலோஸுக்குப் பொதுப் பேருந்து போகிறது, அதில் போ. டூரில்தான் போவேன் என்றால், எத்தனை மணிக்கு வாசலில் இறக்கிவிடுவீர்கள், கடைசி ஆளோடு யார் நடப்பார், கப்பல் போய்விட்டால் இரவுத் தங்கல் யார் செலவு என்று கேட்டு, பதிலை ரசீதில் எழுதி வாங்கு. மே முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். மழை வரும் என்றாலும் கடும் வெயில் என்றாலும் மூடிவிடுவார்கள், அதனால் முந்தின நாள் விசாரி.

முட்டியில் கோளாறு இருப்பவர்கள், சின்னக் குழந்தை வைத்திருப்பவர்கள் மேலேயிருந்து இறங்கவே வேண்டாம். ஸ்ஃபாக்கியாவிலிருந்து கப்பலில் அயியா ரூமெலிக்கு வந்து, கீழேயிருந்து போர்த்தெஸ் வரை நடந்து திரும்பலாம். பள்ளத்தாக்கின் மிக அழகான பகுதி அதுதான். ஒரு பள்ளத்தாக்கை முழுவதுமாக நடக்க வேண்டும் என்றால் இம்ப்ரோஸ் என்ற வேறொரு பள்ளத்தாக்கு இருக்கிறது, எட்டு கிலோமீட்டர்தான், கப்பல் கணக்கும் இல்லை.

அதே பலகையில் அயியா ரூமெலியிலிருந்து லூத்ரோ என்ற கடற்கரை ஊர் வரை ‘கடலோர உலா’ என்றும் போட்டிருக்கிறது. அது ஐந்து ஆறு மணி நேர நடை. பெரும்பகுதி நிழல் இல்லை, லூத்ரோவுக்கும் கார் போகும் சாலை கிடையாது. 2024 ஜூன் வெயிலில் கிரேக்கத் தீவுகளில் நடக்கப் போன சுற்றுலாப் பயணிகள் பலர் இறந்தார்கள். பிரிட்டனின் தொலைக்காட்சி மருத்துவர் மைக்கேல் மோஸ்லி சிமி தீவில் இறந்ததும் அப்போதுதான். தண்ணீர், தொப்பி, அவசர எண் 112, இவை இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருப்பதை அக்காவிடம் சொன்னேன். குரல் பதிவு அனுப்பியிருக்கிறாள்: “நகத்தை ஒட்ட வெட்டிக்கிட்டுப் போகச் சொல்லு. ஷூ ஒரு அளவு பெரிசா இருக்கட்டும். ஏழு மணிக்கு வாசல்ல நிக்கச் சொல்லு.”