பச்சை ஊசியை எடுத்துவிட்டு எதை மாட்டலாம்?

ஆடியோ டெக்னிகாவின் எல்பி120 எக்ஸ் டர்ன்டேபிள் (இசைத்தட்டு ஓட்டும் கருவி) வாங்கினால் கூடவே விஎம்95இ கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசியைத் தாங்கும் சின்னப் பெட்டி, வரும். ஊசி பச்சை நிறத்தில் இருக்கும். அது தேய்ந்ததும், அல்லது அலுத்ததும், அடுத்து என்ன என்ற கேள்வி வருகிறது. ஒரு நல்ல விஷயம், கார்ட்ரிட்ஜையே கழற்ற வேண்டியதில்லை. அதே உடம்பில் நீலம் (உருண்டை முனை), ஆரஞ்சு (நியூட் எலிப்டிகல், அதாவது முழு வைரத்தில் நீள்வட்ட முனை), சிவப்பு (மைக்ரோலீனியர், மிகக் குறுகிய பக்கங்கள் கொண்ட முனை), ஷிபாட்டா, நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய அரக்குத் தட்டுகளுக்கான தனி ஊசி என எல்லாமே பொருந்தும். ஊசி மாற்ற அரை நிமிடம் போதும்.

முதலில் பச்சையின் குறை எங்கே தெரிகிறது என்று பார்க்கலாம். எல்பி இசைத்தட்டின் வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் நொடிக்கு சுமார் 50 செ.மீ. தடம் ஓடுகிறது, நடுவில் உள்ள லேபிளை நெருங்கும்போது அது 21 செ.மீ. பக்கம் வந்துவிடுகிறது. அதே ஒலி பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுதப்பட்டிருக்கும். அதனால்தான் சினிமா எல்பியின் கடைசிப் பாட்டில் பாடகியின் 'ஸ', 'ச' எல்லாம் 'ஷ்ஷ்' என்று சிதறுகின்றன. இதைப் பலர் தட்டு கெட்டுப்போனதாக நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். பாதி நேரம் குற்றம் தட்டில் இல்லை, ஊசி முனையில்தான்.

ஆரஞ்சு இதற்கு மருந்தா? பாதி மருந்து. முனையின் அளவு பச்சையில் இருக்கும் அதே 0.3 × 0.7 மில்தான்; மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பச்சையில் சிறு வைரத்துண்டை உலோகத்தண்டின் நுனியில் ஒட்டியிருப்பார்கள், ஆரஞ்சில் முழுவதும் வைரம். எடை குறைவதால் தடத்தின் நெளிவுகளைச் சற்றுச் சுறுசுறுப்பாகப் பின்தொடரும். ஆனால் நிறுவனமே சொல்லும் ஆயுள் இரண்டுக்கும் 300 மணி நேரம்தான். கூடுதல் காசு கொடுத்து அதே ஆயுளா? எனக்கு மனசு வரவில்லை.

சிவப்பு வேறு ஜாதி. தடத்தின் சுவரைத் தொடும் பக்க ஆரம் 0.12 மில். நெருக்கமான நெளிவுக்குள்ளும் இறங்கிவிடுகிறது, அந்தக் கடைசிப் பாட்டின் 'ஸ' ஸ-வாகவே வருகிறது. விலை பச்சை ஊசியைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு என்பதுதான் எல்லோரையும் தயங்க வைக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். இதன் ஆயுள் 1000 மணி நேரம். தினம் முக்கால் மணி நேரம் கேட்கிறவருக்குப் பச்சை ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே வரும், சிவப்பு மூன்றரை வருஷம் தாண்டும். மணிக்கணக்கில் பார்த்தால் செலவு கிட்டத்தட்ட ஒன்றேதான்!

அப்புறம், சிவப்புக்குக் கோபமும் அதிகம். கார்ட்ரிட்ஜின் கோணம் கொஞ்சம் தப்பினாலும் பச்சை பொறுத்துக்கொள்ளும், இது பொறுக்காது. கோணம் பார்க்கத் தட்டின் இடத்தில் வைக்கும் அளவுத்தாளில் உள்ள இரண்டு புள்ளிகளிலும் கார்ட்ரிட்ஜ் கோடுகளுக்கு நேராக நிற்கும் வரை திருகுகளைத் தளர்த்தி இறுக்கிப் பார்க்க வேண்டும். முன்னால் இருந்து பார்த்தால் ஊசி சாயாமல் நிற்க வேண்டும். அழுக்கும் பெரிய எதிரி. சென்னையின் ஈரக்காற்றில் நிலைமின்சாரத் தொல்லை குறைவு, பதிலுக்குப் பூஞ்சை உண்டு. அலமாரியில் பல வருஷம் கிடந்த தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெரியும். அதைக் கழுவாமல் சிவப்பை வைத்தால் முதல் பாட்டு முடிவதற்குள் ஊசியில் பஞ்சு கட்டிவிடும்.

ஷிபாட்டா, ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் 1970களில் கொண்டுவந்த நாலு சேனல் (நாலு ஸ்பீக்கர்களுக்குத் தனித்தனி ஒலி தரும்) தட்டுகளுக்காகப் பிறந்த முனை. ஆயுள் 800 மணி நேரம், விலை சிவப்பைவிடக் கூடுதல். மேல்ஸ்தாயி கொஞ்சம் மென்மை என்பார்கள். வயலின் கச்சேரி மட்டும் கேட்பவர் யோசிக்கலாம். மற்றவர்களுக்கு அவசியம் இல்லை.

ஆர்டோஃபோன் என்ற இன்னொரு நிறுவனத்தின் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு குழப்பம் கிடையாது. அதே உடம்பில் ப்ளூ ஊசி மாட்டலாம். இதுவும் பச்சையிலிருந்து ஆரஞ்சுக்குப் போகிற மாதிரியான மாற்றம்தான், நியூட் எலிப்டிகல். அதற்கும் மேலே ப்ரோன்ஸ் (வெண்கலம்), பிளாக் என்ற ரகங்களுக்குப் போக, முழு கார்ட்ரிட்ஜும் வாங்க வேண்டும்.

78 தட்டுக்கு மேலே சொன்ன எதுவும் ஆகாது. அதற்கான 3 மில் ஊசியை மாட்டி, ஊசி தட்டை அழுத்தும் எடையை 5 கிராமுக்கு ஏற்ற வேண்டும். அந்தத் தட்டை ஆல்கஹால் கலந்த எதைக்கொண்டும் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும்.

சிவப்பு வாங்கிவிட்டால் பழைய பச்சையைத் தூக்கிப் போட வேண்டாம். இரண்டுக்கும் அழுத்தும் எடை 2 கிராம்தான், ஆர்மை (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையை) தொடவே வேண்டியதில்லை. மூர் மார்க்கெட் பக்கம் கிடைத்த தட்டில் கீறல் எவ்வளவு, ஊசி தாவுகிறதா என்பதையெல்லாம் பச்சையில் ஓட்டிப் பார்த்துவிடலாம். தேறினால் கழுவிக் காயவைத்துச் சிவப்புக்கு மாறலாம். தேறாதது பச்சையிலேயே ஓடட்டும்.