கேட்கான் போச்சு என்று சொல்லும் ஒர்க்‌ஷாப்: பெட்ரோல் கார்காரர்கள் கவனிக்க

என் வண்டி 2017 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், பிஎஸ்4 புகை விதிப்படி வந்தது. கொஞ்ச நாளாகவே மேடு ஏறினாலும் சிக்னலில் நின்றாலும் பின்னாலிருந்து அழுகிய முட்டை நாற்றம். மைலேஜும் இறங்கியிருந்தது. சேலத்தில் எல்லா கம்பெனி வண்டியும் பார்க்கிற ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டேன்.

ஸ்கேனரைக்கூட மாட்டவில்லை. சைலன்சர் பக்கம் குனிந்து மோந்து பார்த்த சூப்பர்வைசர், "கேட்கான் போச்சு சார், கம்பெனியில விட்டா இதுபோல ரெண்டு மடங்கு ஆகும்" என்று 28,000 ரூபாய் சொன்னார். கேட்கான் என்றால் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், புகையைச் சுத்தம் செய்து வெளியே விடும் பாகம். சரி, மாற்றுங்கள் என்றேன்.

வண்டி திரும்பி வந்தபோது முட்டை நாற்றம் சுத்தமாகப் போயிருந்தது. அதற்குப் பதிலாகக் கண்ணைக் கரிக்கிற பச்சைப் பெட்ரோல் வாடை. சத்தமும் கரகரவென்று மாறியிருந்தது. கேட்டால், "புது பார்ட் சார், ஓட ஓட செட் ஆயிடும்." செட் ஆகவில்லை.

அப்புறம் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் போனேன். வயதானவர், அவசரப்படாதவர். முதல் வேலையாக ஸ்கேனரை மாட்டி, இன்ஜின் பக்கம் இருக்கும், புகையில் ஆக்சிஜன் எவ்வளவு என்று சொல்லும் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்தார். நன்றாக இருக்கிற சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்க வேண்டுமாம். என்னுடையது 0.1 பக்கத்திலேயே படுத்துக் கிடந்தது. அதைப் பார்க்கிற கம்ப்யூட்டர், பெட்ரோல் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் ஊற்றிக்கொண்டே இருக்கிறது. பிளக்கைக் கழற்றினால் கரி அப்பியிருந்தது. "தம்பி, உன் வண்டிக்கு வியாதியே இதுதான்" என்றார். புது சென்சார், கூலி எல்லாம் சேர்த்து 4,500 ரூபாய்.

நாற்றத்துக்கும் இதுதான் காரணம். பெட்ரோல் அதிகமாகி ஆக்சிஜன் குறையும்போது, எரிபொருளில் இருக்கும் கந்தகம் கேட்கானுக்குள் ஹைட்ரஜன் சல்பைடாக மாறுகிறது. அழுகிய முட்டை வாடை அதனுடையது. பெட்ரோல் சரியில்லை என்று சிலர் சமாளிப்பார்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 பெட்ரோல் வந்தபோதே கந்தகத்தின் உச்சவரம்பு 50 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் 50 பங்கு) 10 ஆகக் குறைந்துவிட்டது. அதற்கு மேலும் விடாமல் நாறினால், முதலில் இன்ஜின் பக்கம்தான் பார்க்க வேண்டும்.

அப்படியானால் சென்சாரைத் தொடாமலே அந்த ஒர்க்‌ஷாப்பில் நாற்றம் எப்படிப் போனது? பெரியவர் வண்டியை லிப்டில் ஏற்றி, கேட்கானைத் தட்டினார். காலி டப்பா சத்தம். பின்பக்கச் சென்சாரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் குட்டி கேமராவை விட்டார். உள்ளே ஒன்றுமே இல்லை. வெளி ஓடு என் வண்டியுடையதேதான், கம்பெனி எண் அப்படியே இருக்கிறது. அதை அறுத்து, உள்ளிருந்த பீங்கான் தேன்கூட்டை உருவிவிட்டு, வெல்டிங் வைத்து மூடியிருக்கிறார்கள். இன்ஜின் விளக்கு எரிந்து காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று கேட்கானைக் கண்காணிக்கும் பின் சென்சாரைப் புகையிலிருந்து தள்ளி வைக்க ஒரு ஸ்பேசர் வேறு. நாற்றத்தை உண்டாக்கும் இடத்தையே எடுத்துவிட்டால் நாற்றம் வராதுதான்! எரியாத பெட்ரோல் மட்டும் அப்படியே வெளியே வரும்.

அந்தத் தேன்கூட்டின் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருப்பார்கள். ஸ்கிராப் சந்தையில் அதற்கு நல்ல விலை. ஈக்கோ வேன்களின் சைலன்சரைக் குறிவைத்துத் திருடிய கும்பல்கள் பிடிபட்ட செய்திகள் பல ஊர்களிலிருந்தும் வந்திருக்கின்றன. திருடனாவது ராத்திரியில் வருவான். இவர்கள் பட்டப்பகலில் எடுத்துக்கொண்டு என்னிடமே 28,000 வாங்கியிருக்கிறார்கள்.

யாராவது கேட்கானை மாற்றச் சொன்னால், ஸ்கேனரில் சென்சார் ரீடிங்கைக் காட்டச் சொல்லுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், விடுவதற்கு முன் ஓட்டில் உள்ள எண்ணைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பழையதைக் கையில் வாங்குங்கள், அது கனமாக இருக்க வேண்டும். பில்லில் பார்ட் நம்பர் வேண்டும். என் பில்லில் "எக்ஸாஸ்ட் வேலை" என்று மட்டும் எழுதியிருக்கிறது. வெல்டிங் ஒழுகினால் ஆபத்து வேறு மாதிரி: கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, வண்டிக்குள் வந்தாலும் தெரியாது.

சென்சாரை மாற்றுவதற்கு முன் புகைப் பரிசோதனை மையத்தில் ஒரு சீட்டு வாங்கிக்கொண்டோம். ஐட்லிங்கில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது, பிஎஸ்4 பெட்ரோல் காருக்குக் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. என் வண்டி பல மடங்கு தாண்டியிருந்தது.

கேமராப் படத்தைக் காட்டியதும் சூப்பர்வைசர் இறங்கிவந்து, "செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு போட்டுத் தரேன் சார்" என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். வெளியே வேறு கேட்கான் வாங்கி மாட்டியாயிற்று, இப்போது எந்த வாடையும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு போட்டிருக்கிறேன். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. அறுத்து ஒட்டிய ஓடு, புகைச் சீட்டு, பெரியவர் எழுதிக் கொடுத்த அறிக்கை மூன்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.