ஆண் மீன் பெண்ணை அடித்தால்: தனித் தொட்டியா, ஓட்டை வைத்த தடுப்பா?

தொட்டியில் ஆண் மீன் பெண்ணை விரட்டி விரட்டிக் கடிக்கிறது என்று யாரிடம் சொன்னாலும் மூன்று யோசனைதான் வரும். இன்னும் இரண்டு பெண்ணை வாங்கி விடு, பெண்ணைத் தனித் தொட்டிக்கு மாற்று, நடுவில் தடுப்பு வை. கான்விக்ட் சிச்லிட் என்கிற வரிபோட்ட தொட்டி மீன் ஜோடி ஒன்றோடு மல்லுக்கட்டி, கடைசியில் தடுப்பில் வந்து நின்றவன் நான். அதனால் தடுப்பு பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் எழுதுவேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெண் மீன்களைக் கூட்டும் யோசனை கப்பி, மோலி, சோர்ட்டெயில் மாதிரி குட்டி போடும் மீன்களுக்குச் சரி. ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் இருந்தால் தொல்லை பங்காகிவிடும். கான்விக்டுக்கு இது ஆகாது, அது ஜோடி சேர்ந்து இடம் பிடித்துக் காவல் காக்கிற மீன். மூன்றாவதாக ஒரு பெண்ணை விட்டால் ஆணோடு சேர்ந்து பழைய பெண்ணும் அதை அடிக்கும். (எது பெண் என்று குழப்பமே வராது, ஆணுக்கே நிறம் அதிகமாக இருக்கும் பல மீன்களுக்கு நேர்மாறாக இதில் வயிற்றில் ஆரஞ்சு நிறம் பெண்ணுக்குத்தான்.)

நான் முதலில் போனது தனித் தொட்டிக்கு. ஒரு நாள் காலையில் பார்த்தால் ஹீட்டருக்குப் பின்னால், நீர்மட்டத்தை ஒட்டி, தலையை மேலே தூக்கியபடி பெண் நிற்கிறது, வால் துடுப்பு நூல் நூலாகக் கிழிந்திருக்கிறது. அந்த நிலையில் யோசிக்க எதுவும் இல்லை, உடனே எடுத்துவிட வேண்டும். புதுத் தொட்டியில் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற நஞ்சு ஏறாமல் இருக்க, அதைத் தின்னும் பாக்டீரியா குடியிருக்கிற பழைய பில்டரின் ஸ்பான்ஜில் பாதியை வெட்டி இங்கே போட்டேன். சுத்தமான தண்ணீரிலேயே மூன்று வாரத்தில் துடுப்பு வளர்ந்துவிட்டது.

சிக்கல் திரும்பச் சேர்க்கும்போதுதான். மூன்று வாரம் ஆண் அங்கே தனிக்காட்டு ராஜா, ஒவ்வொரு கல்லும் அதனுடையது. இப்போது உள்ளே வருவது பழைய ஜோடி என்றெல்லாம் அது பார்க்கவில்லை, எல்லைக்குள் புகுந்த அந்நிய மீனாகத்தான் நடத்தியது. கல், பூந்தொட்டி எல்லாவற்றையும் இடம் மாற்றிவிட்டுச் சேர்த்தால் எல்லை குழம்பும் என்பார்கள், அதுவும் செய்தேன், அரை நாள் அமைதி கிடைத்தது. இரண்டாம் நாள் பெண் மறுபடி ஹீட்டருக்குப் பின்னால். ஆக, தனித் தொட்டி காயத்தை ஆற்றுகிறது, சண்டையை அப்படியே விட்டுவைக்கிறது.

தடுப்பு என்றால் கண்ணாடித் தகடு வேண்டாம். தண்ணீர் ஓட்டம் நின்று, ஒரு பாதிக்கு ஹீட்டரும் பில்டரும் இல்லாமல் போகும். கூரை விளக்குக்கு அடியில் பொருத்துகிற கட்டம் கட்டமான பிளாஸ்டிக் தட்டி இருக்கிறதே, அதுதான் நல்லது. கட்டிங் பிளையரில் வெட்டலாம், தண்ணீர் தாராளமாக ஓடும், இரண்டும் நாள் முழுக்க ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருக்கும். உயரம் மூடியைத் தொட வேண்டும், இல்லையென்றால் தாண்டிவிடும்.

இதில் விஷயமே கீழ் மூலையில் வெட்டுகிற ஓட்டைதான். கான்விக்டில் பெண் சிறியது. அது நுழையும், ஆண் நுழையாது என்கிற அளவில் ஓட்டை இருந்தால், ஆணின் பக்கம் போவதா வேண்டாமா என்பது பெண்ணின் விருப்பம். நான் வேண்டுமென்றே சின்னதாக வெட்டிவிட்டு, தினம் ஒரு கட்டமாகப் பெரிதாக்கினேன். மூன்றாம் நாள் பெண் தலையை நீட்டிப் பார்த்து அந்தப் பக்கம் போனது, ஆண் செவுளை விரித்ததும் சட்டென்று திரும்பி வந்துவிட்டது. துரத்தி வந்த ஆண் தட்டியில் முட்டி நின்றதைப் பார்த்தபோது எனக்கு அற்பமாக ஒரு சந்தோஷம்.

குறைகளும் உண்டு. முதல் முறை பெண் தன் பக்கத்துக் கோடியில் இருந்த பூந்தொட்டியில் முட்டை போட்டது, அத்தனையும் கருக்கூடாமல் வெள்ளையாகப் போய்விட்டது, ஆண் நெருங்க முடியவில்லையே. அடுத்த முறை பூந்தொட்டியைத் தட்டியோடு ஒட்டி வைத்தேன், மூன்று நாளில் பொரிந்தது, எல்லா முட்டையும் இல்லை, ஆனாலும் நிறையவே. தட்டியில் பாசி பிடிக்கும், வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றும்போது பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்ப்பேன், தட்டியை மட்டும் தூக்க மாட்டேன், அந்த இடைவெளியில் ஆண் நழுவிவிடும். சின்னத் தொட்டியைப் பாதியாக்கினால் இரண்டுக்குமே நெருக்கடி.

நான் பேசுவது ஒரே ஜோடியை வைத்து. ஆணும் பெண்ணும் ஒரே அளவில் இருந்தால் ஓட்டை வித்தை செல்லாது. ஃபைட்டர் மீனுக்கும் இதைச் செய்யாதீர்கள், அதில் முட்டை போட்டு முடிந்ததும் பெண்ணை எடுத்துவிட வேண்டும், தனித் தொட்டிதான் வழி.

இரண்டு மாதம் கழித்து, இனி பழகியிருக்கும் என்று நினைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தட்டியை எடுத்துப் பார்த்தேன். சாயங்காலத்துக்குள் பெண் பழைய இடத்தில், ஹீட்டருக்குப் பின்னால். அன்று இரவே தட்டி திரும்ப உள்ளே போய்விட்டது.