குதிரை லத்தியா, மாட்டுச் சாணியா?

கேளம்பாக்கம் தாண்டி திருப்போரூர் போகிற வழியில் எங்களுக்கு அரை ஏக்கர் இருக்கிறது. இரண்டு குதிரைகள் (ஒன்று மெரினாவில் சவாரிக்கு ஓடி ஓய்ந்தது), ஒரு நாட்டு நாய், கத்தரி, வெண்டை, கீரைப் பாத்திகள், வேலியோரம் ஆறு தென்னை. வீட்டிலேயே அவ்வளவு லத்தி விழுந்தும் முதல் இரண்டு வருடம் டிராக்டரில் மாட்டுச் சாணிதான் வாங்கிப் போட்டேன். இப்போது மூன்று வருடமாக லத்திதான்.

எங்கள் பக்கம் மணல் நிலம், ஊற்றிய தண்ணீர் நிற்காது, அதனால் மட்கிய எரு எதுவானாலும் பயிருக்கு நல்லதுதான். லத்தியில் நாற்றம் குறைவு, கூடையில் அள்ளினால் கனம் தெரியாது. சாணி ஈரமாக, கனமாக இருக்கும்.

உண்மையில் முடிவைத் தீர்மானிப்பது களை. மாடு அசைபோட்டு, நாலு அறை வயிற்றில் ஊறவைத்துச் செரிக்கிறது. குதிரைக்கு ஒற்றை வயிறு, அசைபோடுவதில்லை, அதனால் தின்ற புல்லின் விதையில் நிறையவே முளைக்கிற நிலையில் அப்படியே வெளியே வந்துவிடும். பக்கத்துத் தோட்டத்து அக்கா முதலிலேயே சொன்னார்: “லத்தியப் போட்டா கத்தரி வராது தம்பி, புல்லுதான் வரும்.” கேட்காமல் ஒரு மாதக் குவியலைக் கத்தரிப் பாத்தியில் பரப்பினேன், இருபதே நாளில் செடிக்குச் செடி இடைவெளி தெரியாமல் பச்சையாக மூடிவிட்டது, அந்த ஒரு பாத்தியைக் களையெடுக்கவே மூன்று காலை ஆனது. சரி, சாணியில் களை வராதா என்றால், வரும். வாங்கிய லோடில் தரையோடு வழித்த மண்ணும், அதில் கோரைக் கிழங்கும், மாடு மென்று துப்பிய பிளாஸ்டிக் கவரும் இருந்தன. கோரை ஒருமுறை வந்தால் போகாது, புல்லையாவது பிடுங்கிவிடலாம்.

லத்தியின் களைக்கு மருந்து அதன் சூடுதான். லாயத்து வைக்கோலோடு சேர்த்து இடுப்பளவு உயரத்துக்குக் குவித்து, கையில் பிடித்தால் ஈரம் தெரிகிற அளவுக்குத் தண்ணீர் தெளித்தால் மூன்றாம் நாளே கொதிக்க ஆரம்பித்துவிடும். நடுவில் ஒரு கம்பியைச் செருகி ஐந்து நிமிடம் கழித்து உருவிப் பார்ப்பேன், கையில் பிடிக்க முடியவில்லை என்றால் சரியாகப் போகிறது என்று அர்த்தம். வெளிப்பக்க லத்திக்கு அந்தச் சூடு கிடைக்காது, அதனால் வாரம் ஒருமுறை வெளியில் இருப்பதை உள்ளே தள்ளிப் புரட்ட வேண்டும். நான்கு புரட்டு, அப்புறம் இரண்டு மாதம் கீற்று மூடிக் கிடக்க விடுகிறேன். கறுத்து, உதிரியாகி, மழைக்கு நனைந்த மண் வாசம் வரும்போது பாத்திக்குப் போகும். இப்போதும் அங்கங்கே புல் முளைக்கிறது, ஒரு மணி நேர வேலை, அவ்வளவுதான். படுக்கைக்கு மரத்தூள் போடுகிறவர்கள் இன்னும் அதிக நாள் விட வேண்டும், அரைகுறையாக மட்கிய தூள் மண்ணில் இருக்கிற தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், செடி மஞ்சளாகிவிடும்.

தென்னை வைத்திருப்பவர்கள் கவனிக்க: எருக்குழி எதுவானாலும் தென்னங்குருத்தைத் துளைக்கிற காண்டாமிருக வண்டு முட்டையிடும். கட்டைவிரல் தடிமனில் வளைந்து கிடக்கிற அதன் வெள்ளைப் புழுவை நான் இரண்டு குவியலிலும் எடுத்திருக்கிறேன். வாராவாரம் புரட்டுகிற லத்திக் குவியலில் குறைவாகத்தான் பார்த்தேன், ஆனால் மூன்று வருடத்தை வைத்து உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

நாய் இருந்தால் இன்னொன்று. குதிரைக்கு ஐவர்மெக்டின் குடற்புழு மருந்து கொடுத்த பிறகு சில நாள் அந்த மருந்து லத்தியோடு வரும், நாய் தின்றால் ஆபத்து. எங்கள் நாய்க்கு லத்தி என்றால் உயிர், அதனால் மருந்து கொடுத்து இரண்டு வாரம் வரை குவியலைச் சுற்றி வலை கட்டிவிடுகிறேன். லத்தி அள்ளுகிறவர்கள் டெட்டனஸ் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள், அந்தக் கிருமி லத்தியில் சாதாரணமாகவே இருக்கும்.

ஜீவாமிர்தத்துக்கு (சாணி, கோமியம், வெல்லம் எல்லாம் கலந்து ஊறவைக்கிற உரக் கரைசல்) மட்டும் நான் இன்னும் சாணிதான் தேடுகிறேன். 200 லிட்டருக்கு 10 கிலோ போதும், அக்கா வீட்டுப் பசுவிடமிருந்து ஒரு பக்கெட் வந்துவிடும், பதிலுக்கு அவருக்கு நாலு கூடை மட்கிய லத்தி. போன ஐப்பசியில் அதைத்தான் தன் வாழைக்குப் போட்டார்.