செங்கோட்டையில் வீட்டுக்கே வந்து கட்டு மாற்றும் நர்ஸ் சேவை

அம்மாவுக்குக் குடல்வால் வெடித்து ஆபரேஷன். டிஸ்சார்ஜ் ஆன மறுநாளே இந்தச் சேவையை வைத்தோம். கேரளத்துப் புனலூரிலிருந்து பஸ்ஸில் வருவார் நர்ஸ் சேச்சி. ஒரு தடவைக்கு 400 ரூபாய், கட்டுத்துணி தனி.

சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவி, கை காயும்வரை காத்திருந்துதான் கட்டைத் தொடுவார். அம்மா துண்டை நீட்டினாலும் வாங்க மாட்டார்.

நான் எழுத வந்ததே ஆபரேஷன் முடிந்த எட்டாம் நாளைப் பற்றித்தான். தையல் காய்ந்து சுத்தமாக இருந்தது. ஆனால் வயிறு உப்பியிருந்தது, சாயங்காலமானால் குளிர்காய்ச்சல், கஞ்சிகூட இறங்கவில்லை. "முறிவு (காயம்) நல்லாத்தான் இருக்கு அம்மே, உள்ளேதான் சந்தேகம். பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சலை மூடாதீங்க, இன்னைக்கே டாக்டரைப் பாருங்க" என்றார் சேச்சி. ஸ்கேனில் இடுப்புக்குழியில் சீழ்க்கட்டி தெரிந்தது. ஸ்கேன் பார்த்தபடியே மெல்லிய குழாய் வைத்து வடித்தார்கள், கூடவே ஊசி மருந்தும் போட்டார்கள். வயிற்றை மறுபடி திறக்கவில்லை. சீழ் நன்றாக வடிந்துவிட்டால் ஆன்டிபயாட்டிக் பெரும்பாலும் 4 நாள் போதும், 2015இல் வந்த ஆய்வு அதைக் காட்டியது என்று டாக்டர் விளக்கினார். வாரக்கணக்கில் மாத்திரை விழுங்க வேண்டுமோ என்று பயந்திருந்தோம்.

டிஸ்சார்ஜ் சீட்டில் காய்ச்சலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

அப்புறம், ஒரே குறை: ஞாயிற்றுக்கிழமை யாரும் வருவதில்லை. குழாய் இருந்த நாட்களில் வடியும் அளவை நானே குறித்து வைத்தேன். எப்படிப் பார்ப்பது என்று சேச்சிதான் சொல்லித் தந்தார்.